பத்து பகாட்டில் தொடங்கிய மலாய் எழுச்சி: தோட்டத் தமிழரின் குடியுரிமையை மாற்றிய 1946

ஜொகூர், பத்து பகாட்டில் 1946 ஜனவரி 3-ஆம் தேதி ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. 'பெர்கெராக்கான் மெலாயு செமனாஞ்சோங்', அதாவது தீபகற்ப மலாய் இயக்கம் என்பது அதன் பெயர். தொடங்கியவர் அப்போது அம்மாவட்டத்தின் அதிகாரியாக இருந்த டத்தோ ஓன் பின் ஜாபார். நான்கே மாதங்களில் அந்த முயற்சி அம்னோவின் பிறப்பில் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த மலாயன் யூனியன் என்ற திட்டமே கைவிடப்பட்டது.

இதை மலாய்க்காரர்களின் வரலாறு என்று மட்டும் நினைப்பவர்கள் நம்மில் பலர். ஆனால், கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தில் தோட்டத் தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பகுதி இருந்தது. அதுதான் குடியுரிமை. நம் குடும்பங்களில் ஒருவருக்கு நீல அடையாள அட்டையும் அவருடைய சொந்த அண்ணனுக்குச் சிவப்பு அட்டையும் இருப்பதன் வேர் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

போர் முடிந்த நேரத்தில் ஜொகூர்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷ் நிர்வாகம் முழுமையாகத் திரும்பி நிலைகொள்வதற்குள் ஜொகூரின் மேற்குக் கரையில் இரத்தம் சிந்தியது. பத்து பகாட், மூவார் பகுதிகளில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கடும் மோதல்கள் நடந்தன. காட்டிலிருந்து வெளியே வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், ஜப்பானியருக்கு உதவியவர்கள் என்று சிலரைப் பிடித்துத் தண்டித்ததும் அதற்கு ஒரு காரணம். கம்பங்களில் கியாய் சாலே போன்ற சமயத் தலைவர்களைச் சுற்றி இளைஞர்கள் திரண்டனர். நிலைமை மேலும் கெடாமல் இரு தரப்பையும் தணித்ததில் மாவட்ட அதிகாரி ஓன் ஜாபாருக்கு முக்கியப் பங்கு உண்டு. மக்களிடையே அவருடைய செல்வாக்கு உயர்ந்தது அப்போதுதான்.

ஓன் ஜாபார் 1895-இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜாபார் ஹாஜி முகமட் ஜொகூரின் முதல் மந்திரி பெசார். ஓன் 1930-களில் 'வார்த்தா மலாயா', 'லெம்பாகா மலாயா' ஆகிய மலாய்ப் பத்திரிகைகளில் ஆசிரியராக இருந்தவர். அரண்மனை, அரசாங்க அலுவலகம், பத்திரிகை ஆகிய மூன்றையும் உள்ளிருந்து அறிந்த ஒருவரின் கையில் கம்பத்து மக்களின் நம்பிக்கையும் வந்து சேர்ந்தது.

மலாயன் யூனியன் சொன்னது என்ன?

ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவருவதே மலாயன் யூனியன் திட்டம். சிங்கப்பூர் தனிக் காலனியாக வைக்கப்பட்டது. 1945 அக்டோபரில் இத்திட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சுல்தான்களிடம் கையொப்பம் வாங்க சர் ஹெரால்டு மெக்மைக்கேல் அனுப்பப்பட்டார். அவர் முதலில் வந்தது ஜொகூருக்கு. அக்டோபர் 20-ஆம் தேதி சுல்தான் இப்ராகிம் கையெழுத்திட்டார். மற்ற சுல்தான்களும் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்திட்டனர்.

1946 ஜனவரி 22-ஆம் தேதி வெளியான வெள்ளை அறிக்கையில் முழு விவரமும் தெரிந்தது. அதில் இரண்டு விஷயங்கள் மலாய்க்காரர்களைக் கொதிப்படையச் செய்தன. சுல்தான்களின் இறையாண்மை பிரிட்டிஷ் அரசருக்குப் போய்விடும்; சமயமும் ஆதாட் எனும் மலாய் வழக்கமும் மட்டுமே அவர்கள் கையில் மிஞ்சும். இது முதலாவது.

இரண்டாவது குடியுரிமை. மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர் எந்த இனத்தவராயினும் குடியுரிமை பெறலாம். போருக்கு முந்தைய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அது கிடைக்கும். புதிதாக வருபவர்கள் 5 ஆண்டு வாழ்ந்தபின் விண்ணப்பிக்கலாம்.

தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே பிள்ளை பெற்ற ஒரு தமிழருக்கு இதன் பொருள் மிக எளிது. மொழித் தேர்வு இல்லை. பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்ற கேள்வி இல்லை. இங்கே பிறந்தாயா, அது போதும் என்றது அந்த விதி.

கம்பத்திலிருந்து கட்டப்பட்ட இயக்கம்

வெள்ளை அறிக்கை வெளிவருவதற்கு முன்பே பத்து பகாட் இயக்கம் தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முழு விவரமும் வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

அதன் பலம் அது பயன்படுத்திய வலைப்பின்னலில் இருந்தது. ஒவ்வொரு முக்கிமுக்கும் ஒரு பெங்குலு. அவருக்குக் கீழே ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு தலைவர். மலாய்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர். சூராவில் ஓர் இமாம். அரசாங்க ஊழியர்களும் உடன் இருந்தனர். புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஏற்கெனவே மக்கள் மதித்த மனிதர்கள் வழியாகவே செய்தி பரவியது. பத்து பகாட் மாவட்டத்தின் 'பாரிட்' எனும் வாய்க்கால் ஓரக் கிராமங்களில் ஜாவா, பஞ்சார், பூகிஸ் வம்சாவளியினர் நிறைந்திருந்தனர். அவர்களும் 'மலாய்க்காரர்' என்ற ஒரே பெயரின்கீழ் திரண்டனர்.

இயக்கத்தின் கோரிக்கை பழமை காக்கும் கோரிக்கை. உடனடிச் சுதந்திரத்தை அது கேட்கவில்லை. சுல்தான்களின் நிலை, மலாய் மாநிலங்களின் தனித்தன்மை, மலாய்க்காரர்களின் உரிமை ஆகியவை பழையபடி நிலைக்க வேண்டும் என்றே கேட்டது. சுதந்திரத்தை முன்வைத்த மலாய் இடதுசாரிகள் வேறு அணியில் இருந்தனர். அவர்களின் மலாய் தேசியக் கட்சி முதலில் அம்னோவோடு சேர்ந்து, 1946 ஜூன் மாதமே பிரிந்து சென்றது.

அதே காலத்தில் ஜொகூர் பாருவில் வேறொரு குரலும் எழுந்தது. ஜொகூருக்கு 1895 முதல் எழுத்து வடிவ அரசியலமைப்பு உண்டு. மாநிலத்தை அந்நியருக்கு ஒப்படைப்பதை அது தடுத்தது. அப்படியிருக்க சுல்தான் கையெழுத்திட்டது எப்படிச் செல்லும் என்று ஜொகூர் மலாய் சங்கத்தினர் கேட்டனர். 1946 பிப்ரவரி 1-ஆம் தேதி அபு பக்கர் பள்ளிவாசலில் இதற்காகக் கூட்டம் நடந்தது. சுல்தான் முறையைக் காக்கப் புறப்பட்டவர்களே ஒரு சுல்தானின் செயலைக் கண்டித்தது அன்றைய ஜொகூரில் பெரும் அதிர்ச்சி.

நான்கு மாதங்களில் அம்னோ

ஜனவரி 24-ஆம் தேதி, கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த 'மஜ்லிஸ்' பத்திரிகையில் ஓன் ஜாபாரின் அழைப்பு வெளியானது. நாடு முழுவதும் உள்ள மலாய் அமைப்புகள் ஒன்றுகூட வேண்டும் என்றார் அவர். மார்ச் 1 முதல் 4 வரை, கம்போங் பாருவிலுள்ள சுல்தான் சுலைமான் கிளப்பில் 41 அமைப்புகள் கூடின.

ஏப்ரல் 1-ஆம் தேதி மலாயன் யூனியன் நடைமுறைக்கு வந்தது. ஆளுநர் எட்வர்ட் ஜென்ட் பதவியேற்ற விழாவுக்கு ஒரு சுல்தான்கூடச் செல்லவில்லை. துக்கத்தின் அடையாளமாக மலாய்க்காரர்கள் சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டனர். மே 11-ஆம் தேதி ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசாரில் அம்னோ முறைப்படி அமைந்தது. ஓன் ஜாபார் அதன் முதல் தலைவரானார்.

அந்த மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களான கேமன்ஸும் ரீஸ்-வில்லியம்ஸும் நேரில் பார்வையிட வந்தனர். போன இடமெல்லாம் பெருங்கூட்டம். அதுவரை பொதுமேடைக்கு வராத மலாய்ப் பெண்களும் பதாகை ஏந்தித் தெருவில் நின்றது அவர்களை வியக்க வைத்தது. அந்தக் காலத்தில் முன்னுக்கு வந்த பெண்களில் ஒருவர், ஜொகூர் ஆசிரியை ஜைனோன் சுலைமான். 'இபு ஜைன்' என்று அழைக்கப்பட்ட அவர், பின்னாளில் அம்னோ மகளிர் பிரிவை வழிநடத்தினார். 1959-இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார்.

பிரிட்டிஷ் அரசு பணிந்தது. புதிய அரசியலமைப்பை வரைய 1946 ஜூலையில் 12 பேர் கொண்ட செயற்குழு அமைக்கப்பட்டது. அதில் அரசாங்க அதிகாரிகள் 6 பேர், சுல்தான்களின் பிரதிநிதிகள் 4 பேர், அம்னோ பிரதிநிதிகள் 2 பேர். இந்தியர் ஒருவரும் இல்லை. சீனர் ஒருவரும் இல்லை. வரைவு தயாரான பிறகுதான் மற்ற இனத்தவரின் கருத்தைக் கேட்க சீஸ்மேன் தலைமையில் தனிக் குழு அமைந்தது.

அந்த நேரத்தில் நம்மவர்கள்

அப்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுமார் 6 லட்சம் இந்தியர்கள் இருந்தனர். பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் பெரும் பகுதியினர் தோட்டத் தொழிலாளர்கள். குடியுரிமைத் திட்டம் அவர்களுக்குச் சாதகமானது. ஆனாலும் அதைக் காக்கத் தோட்டப்புறங்களிலிருந்து பெரிய குரல் எழவில்லை. காரணங்கள் இருந்தன.

சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. குடும்பங்கள் உடைந்து கிடந்தன. அரிசிக்கும் துணிக்கும் கூலி போதாமல் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. படித்தவர்களின் கவனமோ விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்த இந்தியாவின் மீது இருந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்கள் பலர் விசாரணையையும் சிறையையும் சந்தித்தனர். மலாயா குடியுரிமை பெற்றால் இந்தியாவோடு உள்ள தொடர்பு என்னாகும் என்ற தயக்கமும் இருந்தது.

ஜான் திவி தலைமையில் ம.இ.கா. தொடங்கப்பட்டது 1946 ஆகஸ்ட் மாதம். அதாவது, அம்னோ பிறந்து மூன்று மாதம் கழித்து, செயற்குழு வேலையைத் தொடங்கிய பிறகு. தோட்டங்களில் கங்காணியும் கிராணியும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள். கம்பத்துப் பெங்குலுவைப் போல மக்களைத் திரட்டும் இடத்தில் அவர்கள் இல்லை. வேலியிட்ட தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. ம.இ.கா., சீன அமைப்புகள், மலாய் இடதுசாரிகள் ஆகியோர் டான் செங் லோக்கின் அணியோடு சேர்ந்து மாற்று அரசியலமைப்பை முன்வைத்தனர். 1947 அக்டோபர் 20-ஆம் தேதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, வேலைகள் நின்றன. ஆனால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

1948: விதிகள் இறுகின

1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயாக் கூட்டரசு உதயமானது. மலாயன் யூனியனின் குடியுரிமை விதிகள் ஒருநாள்கூட அமலுக்கு வராமலே மறைந்தன. புதிய விதிகளின்படி, சுல்தான்களின் குடிமக்கள் தானாகவே கூட்டரசுக் குடியுரிமை பெற்றனர். பினாங்கு, மலாக்காவில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைகளுக்கும் அது கிடைத்தது. மற்ற இடங்களில், இங்கே பிறந்தது மட்டும் போதாது. பெற்றோர் இருவரும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பிரிட்டிஷ் பிரஜையாக இருந்து தந்தை இங்கே பிறந்தவராகவோ 15 ஆண்டு வாழ்ந்தவராகவோ இருக்க வேண்டும்.

விண்ணப்பித்துப் பெறுவோர், இங்கே பிறந்திருந்தால் கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், பிறக்காதிருந்தால் 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை முடித்தவருக்கு, பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்கு, அப்பா எந்தக் கப்பலில் எப்போது வந்தார் என்று தெரியாதவருக்கு இது பெரிய மதில்.

1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் இதன் விளைவு தெரிந்தது. சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் ஏறத்தாழ 84 விழுக்காடு. சீனர்கள் 11 விழுக்காடு. இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ இந்தியர்கள் சுமார் 11 விழுக்காடு. கூட்டணி போட்டியிட்ட 52 இடங்களில் ம.இ.கா.வுக்குக் கிடைத்தவை இரண்டு.

ஓன் ஜாபார் எடுத்த திருப்பம்

இந்த இயக்கத்தைத் தொடங்கியவரே பின்னர் வேறு வழியில் நடந்தார். 1949-இல் இனங்களுக்கிடையிலான சமூகத் தொடர்புக் குழு அமைந்தபோது ஓன் ஜாபார் அதில் முன்னின்றார். அதன் தலைவராக இருந்தவர் இலங்கைத் தமிழரான இ.இ.சி. துரைசிங்கம். மலாய்க்காரர் அல்லாதவர்களுக்குக் குடியுரிமையைத் தளர்த்த வேண்டும் என்ற இணக்கம் அந்த அறைகளில்தான் உருவானது. 1952-இல் விதிகள் ஓரளவு தளர்ந்ததற்கும் அது வழிவகுத்தது.

அம்னோவை எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட ஓன் விரும்பினார். கட்சி ஏற்கவில்லை. 1951 ஆகஸ்டில் அவர் விலக, துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். ஓன் அதே ஆண்டு செப்டம்பரில் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். ம.இ.கா. தொடக்கத்தில் அவருக்குத் துணை நின்றது. ஆனால் 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் 9-ஐ அம்னோ–ம.சீ.ச. கூட்டு வென்றது. ஓனின் கட்சிக்குக் கிடைத்தவை 2. 1955-இல் சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே அவர் தோற்றார். தாமே கம்பம் கம்பமாகக் கட்டிய வலைப்பின்னல் அப்போது அவருக்கு எதிராக வேலை செய்தது. 1962-இல் அவர் காலமானார். அவருடைய மகன் உசேன் ஓன் நாட்டின் மூன்றாவது பிரதமரானார். 2022 முதல் ஜொகூர் மந்திரி பெசாராக இருக்கும் ஓன் ஹாஃபிஸ் காஸி அவருடைய கொள்ளுப்பேரன்.

சுதந்திரம் தந்த வாய்ப்பு

1957 அரசியலமைப்பு மீண்டும் கதவைத் திறந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதியோ அதன் பிறகோ இங்கே பிறப்பவர் தானாகவே குடிமகன். முன்பே இங்கே பிறந்தவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்; முதல் ஓராண்டுக்கு அவர்களுக்கு மலாய் மொழித் தேர்வு கிடையாது. துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று குடியுரிமை எடுக்கும்படி மக்களை வற்புறுத்தினார். பதிவு செய்தவர்கள் பிழைத்தார்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றிருந்தவர்களும், பத்திரம் கிடைக்காதவர்களும் சிவப்பு அட்டையோடு நின்றார்கள்.

1962-இல் விதி மீண்டும் இறுகியது. பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற நிலையில், மூன்று தலைமுறை கண்ட தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தத்தில் இரண்டு பக்கங்கள் உண்டு. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அது உரிமை தருகிறது. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தானாகக் குடியுரிமை பெறும் வழியை அது எடுத்துவிடுகிறது. சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு இது நேரடியான செய்தி.

எஞ்சும் பாடம்

1946-ஐ இன்று திரும்பிப் பார்த்து ஓர் இனத்தைக் குறைசொல்வதில் பயன் இல்லை. கேட்காமலே தங்கள் நாட்டின் உரிமை கைமாறியதைக் கண்ட மக்கள் எழுந்து நின்றார்கள். அந்த அச்சம் உண்மையானது. இங்கேயே பிறந்தும் சொந்த நாடு எது என்று நிரூபிக்க வேண்டியிருந்த தோட்டத் தமிழரின் தவிப்பும் அதே அளவு உண்மையானது. ஒரு தரப்பிடம் கம்பம்தோறும் ஆள் இருந்தது. மறு தரப்பிடம் இல்லை. முடிவெடுக்கும் அறையில் யாருக்கு நாற்காலி கிடைத்தது என்பதை அதுவே தீர்மானித்தது.

பத்து பகாட் இயக்கம் செய்த வேலை எளியது: ஊரில் மதிப்புள்ளவர்கள், தெரிந்தவர் வீட்டுக்கே போய், விஷயத்தைப் புரியும்படி சொன்னார்கள், சரியான நேரத்தில் சொன்னார்கள். நம் குடியிருப்புகளிலும் கோவில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் எல்லாம் இருக்கின்றன. பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, பதிவுத் திருமணம் செய்யாத தம்பதி யார், சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டி யார் என்பது தேசியப் பதிவுத் துறைக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்ய வைப்பதும், பழைய தோட்டப் பதிவேடுகளையும் பள்ளிச் சான்றுகளையும் தேடி எடுத்துக்கொடுப்பதும், மனுவோடு கூடவே சென்று நிற்பதும் அவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலைகள்.